அரியணை இல்லாத குலத்தில் தலைவர் மறைந்தால்: ஓர் எளிய விளக்கம்

1994ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று, வட ஜெர்மனியின் பிரேமன் நகரில் லூயி பெர்டினாண்ட் என்ற முதியவர் தமது 86ஆம் வயதில் காலமானார். ஜெர்மனியின் கடைசிப் பேரரசரான கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் பேரன் அவர். பிரஷ்யாவை ஆண்ட ஹோஹென்சோலெர்ன் குலத்துக்கு 43 ஆண்டுகள் தலைவராக இருந்தவர். அவர் பிறந்தது 1907 நவம்பர் 9. பாட்டனார் முடி துறந்தார் என்ற அறிவிப்பு பெர்லினில் வெளியானது 1918 நவம்பர் 9. அதாவது, அரண்மனைச் சிறுவன் ஒருவனுக்குப் பதினொரு வயது நிறைந்த அதே நாளில் அவனுடைய குடும்பத்தின் ஆட்சியும் முடிந்துபோனது. அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், மன்னர் இல்லாத ஜெர்மனியில், மன்னர் குடும்பத்து மனிதராகவே அவர் வாழ்ந்து முடித்தார்.

அவருக்குப் பின் குலத்தின் தலைவரானவர் பேரன் கெயோர்க் பிரீட்ரிஷ். அப்போது வயது 18. இத்தகைய செய்திகளை முதன்முறையாகப் படிக்கும் ஒருவருக்கு இயல்பாகவே சில ஐயங்கள் எழும். அரசே இல்லாத நாட்டில் ‘அரச குடும்பத் தலைவர்’ என்பவர் யார்? அவர் இறந்தால் அடுத்தவருக்கு எது கைமாறுகிறது? மகன்கள் உயிரோடு இருக்கும்போது பேரன் எப்படித் தலைவரானார்? லூயி பெர்டினாண்டின் மரணத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்க முயல்கிறேன். ஏனெனில், ஜெர்மனியில் இந்த வினாக்களை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டு சென்ற மரணம் அது.

முதலில் முடியாட்சியில் என்ன நடக்கும் என்பதை நினைவில் கொள்வோம். ஆளும் அரசர் ஒருவர் இறந்தால், அந்தக் கணமே வாரிசு அரசராகிவிடுகிறார். நாட்டின் ஆட்சி, பட்டப்பெயர், குலச் சொத்து, குடும்பத்தின் தலைமை ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டிய பொதிகளைப் போல ஒன்றாகவே கைமாறுகின்றன. முடியாட்சி ஒழிந்த பிறகு அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. ஆட்சி மக்களிடம் போய்விட்டது. அதைப் பற்றிப் பேச இடமில்லை. மீதமுள்ள மூன்றும், அதாவது பெயர், சொத்து, தலைமை என்பவை, மூன்று வெவ்வேறு விதிகளின்படி தனித்தனி வழியில் செல்கின்றன. செய்தித்தாள்கள் இம்மூன்றையும் கலந்து எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது.

1871இல் உருவான ஜெர்மன் பேரரசு ஒரே மன்னரின் நாடு அன்று. அதில் 25 மாநிலங்கள் இருந்தன. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகிய மூன்று சுதந்திர நகரங்களைத் தவிர மற்ற 22 மாநிலங்களுக்கும் தனித்தனி அரியணைகள் உண்டு. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் ஆகிய நான்கும் முழு அரசுகள். மற்றவை பெருங்கோமகன், கோமகன், குறுநில மன்னர் ஆண்ட சிறிய நாடுகள். பிரஷ்ய மன்னரே ஜெர்மன் கைசராகவும் இருந்தார். முதல் உலகப் போரில் தோற்ற கையோடு, 1918 நவம்பர் முடிவதற்குள் இந்த 22 அரியணைகளும் இல்லாமல் போயின. ஆனால் ரஷ்யாவில் நிகழ்ந்ததைப் போல இந்தக் குடும்பங்கள் கொல்லப்படவில்லை. கைசர் நெதர்லாந்துக்குச் சென்று தங்கினார். மற்றவர்கள் பெரும்பாலும் தம் நாட்டிலேயே குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். அதனால்தான் ஜெர்மனியில் ‘முன்னாள் அரச குடும்பம்’ என்பது ஒன்றல்ல, பல.

இனி பெயரைப் பார்ப்போம். முடியாட்சிக்குப் பின் அமைந்த வைமர் குடியரசின் அரசமைப்பு 1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 109ஆம் பிரிவு, பிறப்பினால் வரும் எல்லாச் சட்டச் சலுகைகளையும் நீக்கியது. உயர்குடிப் பட்டங்கள் இனிப் பெயரின் ஒரு பகுதி மட்டுமே என்றும், புதிதாக எவருக்கும் வழங்கப்படமாட்டா என்றும் கூறியது. வைமர் குடியரசு மறைந்துவிட்டது; ஆனால் இந்த விதி ஜெர்மனியில் இன்றும் சாதாரணச் சட்டமாக உயிரோடு இருக்கிறது. அண்டை நாடான ஆஸ்திரியா அதே 1919இல் இதைவிடக் கடுமையான வழியைத் தேர்ந்தது. அங்கே உயர்குடியினரின் பெயர்களில் வரும் ‘ஃபொன்’ என்ற சிறு சொல்லுக்கும்கூடத் தடை விதிக்கப்பட்டது.

ஜெர்மன் விதியின் விளைவு நுட்பமானது. முன்பு ‘பிரின்ஸ்’ என்ற பட்டம் மனிதரின் பெயருக்கு முன்னால் நின்றது. இப்போது அது குடும்பப் பெயருக்குள் போய்விட்டது. இன்றைய தலைவரின் அடையாள ஆவணத்தில் ‘கெயோர்க் பிரீட்ரிஷ்’ என்பது அவருடைய சொந்தப் பெயர். ‘பிரின்ஸ் ஃபொன் பிராய்சென்’ என்ற மூன்று சொல் தொடர் முழுவதும் குடும்பப் பெயர். பிராய்சென் என்பது பிரஷ்யாவின் ஜெர்மன் பெயர். குடும்பத்துப் பெண்கள் ‘பிரின்செஸின்’ என்ற பெண்பால் வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்பதை 1926இல் அன்றைய ஜெர்மன் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குடும்பப் பெயர் என்பதால் திருமணத்தின் வழியாகவும் தத்தெடுப்பின் வழியாகவும் வெளியாருக்கும் அது போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. அப்படிப் பெயர் பெற்றவரை அந்தக் குலம் தன் உறுப்பினராக ஏற்கிறதா என்பது வேறு கேள்வி. பதிவு அலுவலகத்துக்கு அந்தக் கேள்வியோடு தொடர்பில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மன்னர், கைசர் போன்று குலத்தில் ஒருவர் மட்டுமே தாங்கக்கூடிய பட்டங்கள், 1918இல் அவற்றைத் தாங்கியிருந்தவர்களோடு முடிந்துவிட்டன. ஆகவே தலைவர் இறந்து அடுத்தவர் தலைவராகும்போது, புதியவரின் சட்டப்படியான பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. 1994 செப்டம்பர் 24 அன்று கெயோர்க் பிரீட்ரிஷுக்கு என்ன பெயரோ, 26 அன்றும் அதே பெயர்தான்.

சொத்தின் கதை நீளமானது. 1918க்குப் பின், எது நாட்டின் சொத்து, எது குடும்பத்தின் தனிச் சொத்து என்று பிரிப்பது பெரும் சிக்கலாயிற்று. நூற்றாண்டுகளாக ஆண்டவர்களுக்கு அந்த இரண்டுக்கும் இடையே தெளிவான கோடே இருந்ததில்லை. இழப்பீடே தராமல் முன்னாள் மன்னர்களின் உடைமைகளைப் பறிமுதல் செய்யலாமா என்று 1926 ஜூன் 20 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம் பேர் ஆம் என்று வாக்களித்தார்கள். ஆனால் வாக்குரிமை பெற்றோரில் பாதிப் பேராவது, அதாவது சுமார் 2 கோடிப் பேர், ஆதரித்தால்தான் அது நிறைவேறும் என்றிருந்ததால் முயற்சி தோற்றது. போரில் தம் பிள்ளைகளையும் பணவீக்கத்தில் தம் சேமிப்பையும் இழந்திருந்த மக்கள், மன்னர் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் இழப்பீடு என்று கேட்டதில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் பிரஷ்ய மாநிலம் ஹோஹென்சோலெர்ன் குடும்பத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. பெரிய அரண்மனைகள் பலவும் அரசுக்குச் சென்றன. நிலங்கள், வீடுகள், கலைப்பொருட்களில் ஒரு பகுதி குடும்பத்திடம் நின்றது. போட்ஸ்டாமிலுள்ள செசிலியன்ஹோஃப் அரண்மனை அரசின் உடைமையாயிற்று. ஆனால் கைசரின் மூத்த மகனான பட்டத்து இளவரசரின் குடும்பம் அங்கே தொடர்ந்து வாழும் உரிமை பெற்றது. 1945இல் போட்ஸ்டாம் மாநாடு கூடியது அந்த அரண்மனையில்தான். பவேரியாவில் வேறொரு தீர்வு காணப்பட்டது. 1923இல், அங்கே ஆண்டிருந்த விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்காகத் தனி நிதியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதன் வருவாயிலிருந்து குடும்பத்துக்குப் பங்கு கிடைக்க வழி செய்யப்பட்டது. அந்த நிதியம் இன்றும் இயங்குகிறது.

இவ்வாறு குடும்பத்தின் கையில் மிஞ்சியது தனிச் சொத்து. தனிச் சொத்து என்றால், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் உரிமையியல் சட்டம் மற்றக் குடிமக்களின் சொத்தை எப்படி நடத்துகிறதோ அப்படியே இதையும் நடத்தும். அந்தச் சட்டத்தின்படி ஒருவர் உயில் எழுதியோ வாரிசு ஒப்பந்தம் செய்தோ தம் உடைமைகளை விரும்பியவருக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் பெற்ற பிள்ளையை முற்றிலும் வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. விலக்கப்பட்ட பிள்ளைக்கு, உயிலே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் பங்கில் பாதியின் மதிப்பைப் பணமாகக் கேட்கும் உரிமை உண்டு. இதைக் கட்டாயப் பங்கு என்பார்கள். 1994இன் கதைக்கு இந்த விதி மிக முக்கியம்.

மூன்றாவது, தலைமை. இதற்கு ஜெர்மன் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. அரசு அதை வழங்குவதில்லை, பதிவு செய்வதில்லை, மறுப்பதும் இல்லை. ஒவ்வொரு குலத்துக்கும் பழைய குலச் சட்டம் ஒன்று உண்டு. ஆட்சிக் காலத்தில் அது நாட்டின் அரியணையையே தீர்மானித்தது. இப்போது குடும்பத்தினர் தாமாக மதித்து நடக்கும் வழக்கம் மட்டுமே. ஹோஹென்சோலெர்ன் குலத்தில் தலைமை ஆண்வழியில், மூத்தவனுக்கே போகும். அதோடு சமகுலத் திருமணம் என்ற நிபந்தனையும் இருந்தது: ஆண்ட குலத்திலோ அதற்கு நிகராகக் கருதப்பட்ட குலத்திலோ பிறந்த பெண்ணை மணந்தால்தான் அவனும் அவன் பிள்ளைகளும் வரிசையில் நிற்க முடியும். தலைவரின் வேலை என்று பார்த்தால், குடும்பத்தின் சார்பில் பேசுவது, குலச் சொத்தையும் நினைவிடங்களையும் பேணுவது, அறக்கட்டளைகளை நடத்துவது, திருமணங்களுக்கு ஒப்புதல் தருவது ஆகியவை. ‘மேன்மை தங்கிய’ என்பது போன்ற மரியாதைச் சொற்களால் அவரை விளிப்பவர்கள் பண்பு கருதி விளிக்கிறார்கள். சட்டம் எவரையும் அப்படி விளிக்கச் சொல்வதில்லை.

அந்தச் சமகுல விதி ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எத்தனை மனிதர்களை அறுத்தது என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. லூயி பெர்டினாண்டே மூத்த மகன் அல்லர். அவருடைய அண்ணன் வில்ஹெல்ம் 1933இல், அரச குலத்தைச் சேராத பெண்ணை மணப்பதற்காகத் தம் உரிமையைத் துறந்தார். அதனால் வரிசை தம்பியிடம் வந்தது. அந்த அண்ணன் 1940 மே மாதம் பிரெஞ்சுப் போர்முனையில் காயமுற்று இறந்தார். போட்ஸ்டாமில் நடந்த இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 50,000 பேர் திரண்டார்கள். முடியும் இல்லாமல், உரிமையும் துறந்து இறந்த ஓர் இளவரசருக்கு இத்தனை கூட்டமா என்று ஹிட்லரின் ஆட்சி திடுக்கிட்டது. முன்னாள் அரச குடும்பத்து ஆண்கள் போர்முனையில் சண்டையிடக் கூடாது என்று அதன்பின் ஆணை பிறந்தது. 1943இல் அவர்கள் படையிலிருந்தே விலக்கப்பட்டார்கள். குலத் தலைமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் மக்கள் மனத்திலும் அதற்கு இடமில்லை என்று கருதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

லூயி பெர்டினாண்ட் இளமையில் அமெரிக்காவுக்குச் சென்று டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1938இல் ரஷ்ய அரச குலத்தைச் சேர்ந்த கீராவை மணந்தார். அதே ஆண்டு, அவரும் அவருடைய தந்தையான முன்னாள் பட்டத்து இளவரசரும், முதிய கைசரின் ஒப்புதலோடு, ஒரு வாரிசு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சொத்து சிதறாமல் ஒரே கையில் இருக்க வேண்டும். ஆண்வழியில் மூத்தவனுக்கே போக வேண்டும். குல விதிக்கு மாறான திருமணம் செய்தவனும் அத்தகைய திருமணத்தில் பிறந்தவனும் வாரிசாக முடியாது என்பது அதன் சாரம். இங்கேதான் முடிச்சு விழுந்தது. அரசு ஏற்காத குல விதி ஒன்று, அரசு ஏற்கும் சொத்து ஆவணத்துக்குள் நுழைந்துவிட்டது.

1951இல் தந்தை இறந்ததும் லூயி பெர்டினாண்ட் தலைவரானார். அவருக்கு நான்கு மகன்கள், மூன்று மகள்கள். மூத்தவர் பிரீட்ரிஷ் வில்ஹெல்மும் இரண்டாமவர் மிஷாயெலும் 1960களில் சமகுலத்தைச் சேராத பெண்களை மணந்து தம் குல உரிமைகளைத் துறந்தார்கள். மூன்றாம் மகன் குல விதிப்படி மணந்தார். ஆனால் 1977இல், படைப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் காயமுற்று இறந்துபோனார். அவருடைய மகன் கெயோர்க் பிரீட்ரிஷுக்கு அப்போது ஒரு வயதுதான். பாட்டனார் அந்தப் பேரனையே தமக்கு அடுத்தவராகக் கொண்டார். 1994இல் அவர் கண் மூடியபோது, தலைமையும் சொத்தும் அந்த இளைஞரிடம் வந்ததற்கு இதுவே காரணம்.

பெரியப்பாக்கள் இருவரும் நீதிமன்றம் சென்றார்கள். திருமணத்தைக் காரணம் காட்டித் தம்மை விலக்கியது செல்லாது என்பது அவர்களின் வாதம். 1998இல் உரிமையியல் வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம், தன் சொத்தை யாருக்கு எந்த நிபந்தனையோடு விடலாம் என்பது சொத்துக்காரரின் சுதந்திரம் என்று கூறி, 1938 ஒப்பந்தத்தின் நிபந்தனையை ஏற்றது. ஆனால் வழக்கு முடியவில்லை. 2004 மார்ச் 22 அன்று கார்ல்ஸ்ரூவே நகரிலுள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. பெரும் சொத்து ஒன்றைக் காட்டி, இன்ன குலத்துப் பெண்ணைத்தான் மணக்க வேண்டும் என்று ஒருவரை நெருக்குவது, அரசமைப்பு உறுதி செய்யும் திருமணச் சுதந்திரத்தைத் தகாத முறையில் பாதிக்கக்கூடும். அந்த நிபந்தனை அரியணை வாரிசைத் தீர்மானிப்பதற்காகப் பிறந்தது, அரியணையே இல்லாத காலத்தில் அதன் நியாயம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கீழமை நீதிமன்றங்கள் போதிய அளவு எடைபோடவில்லை என்று கூறி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள விரும்புவோர் வேறு எதை மறந்தாலும் இந்தத் தீர்ப்பை மறக்கக் கூடாது. தனியார் எழுதிய ஓர் ஆவணத்துக்குள்ளும் அடிப்படை உரிமை நுழைந்து கேள்வி கேட்கும் என்பதை அது காட்டியது.

2005இல் முடிவு வந்தது. கெயோர்க் பிரீட்ரிஷே பாட்டனாரின் முதன்மை வாரிசு என்பது நிலைத்தது. ஆனால் லூயி பெர்டினாண்டின் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு கேட்கும் உரிமை உண்டு என்றும் தீர்மானமாயிற்று. ஒருவர் மரணத்துக்கும் அவர் சொத்தின் தீர்வுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன. இந்த வழக்குகள் அனைத்தும் சொத்தைப் பற்றியவை. குலத் தலைவர் யார் என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லும்படி கேட்கவும் முடியாது.

சொத்தில் இன்னொரு கிளையும் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் சோவியத் படைகள் 1945க்குப் பின் பறித்த உடைமைகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் இயற்றப்பட்ட நாள் 1994 செப்டம்பர் 27. லூயி பெர்டினாண்ட் இறந்து இரண்டே நாள் கழித்து. நாஜி ஆட்சிக்குக் குறிப்பிடத்தக்க அளவில் துணை நின்றவர்களுக்கு இழப்பீடு இல்லை என்று அச்சட்டம் கூறியதால், பட்டத்து இளவரசர் ஹிட்லருக்கு எவ்வளவு உதவினார் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வாதித்தார்கள். இழப்பீடு கேட்டு நடத்திய வழக்கை 2023இல் கெயோர்க் பிரீட்ரிஷ் கைவிட்டார். 2025 மே மாதம் கலைப்பொருட்கள் குறித்து அரசுக்கும் குடும்பத்துக்கும் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

மகனைத் தாண்டிப் பேரனுக்குத் தலைமை போவது ஹோஹென்சோலெர்ன் குலத்தோடு நிற்கவில்லை. வூர்ட்டம்பெர்க் குலத்தின் தலைவர் கார்ல் 2022 ஜூன் மாதம் மறைந்தபோதும் அப்படியே நிகழ்ந்தது. அவருடைய மூத்த மகன் 2018இல் சாலை விபத்தில் இறந்திருந்ததால், 1994இல் பிறந்த பேரன் வில்ஹெல்ம் தலைவரானார். அங்கே நீதிமன்றச் சண்டை எதுவும் எழவில்லை.

இறுதியாக அடக்கத்தைப் பற்றி. தென்மேற்கு ஜெர்மனியில் ஹெஷிங்கன் ஊருக்கு அருகே 855 மீட்டர் உயரக் குன்றின்மேல் ஹோஹென்சோலெர்ன் கோட்டை நிற்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பிரஷ்யக் கிளைக்கும், ஒரு பங்கு குலத்தின் கத்தோலிக்கக் கிளைக்கும் உரியவை. லூயி பெர்டினாண்ட் அங்கேதான் மனைவி கீராவின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பெற்றோரின் கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1991 ஆகஸ்ட் 17 அன்று, அதே கோட்டையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்த, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரஷ்ய மாமன்னர் பிரீட்ரிஷின் உடலை அவர் போட்ஸ்டாமுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். அங்குள்ள தம் சான்சூசி அரண்மனைக்கு அருகிலுள்ள மேட்டுத் தளத்தில், தம் வேட்டை நாய்களின் அருகே புதைக்க வேண்டும் என்று அந்த மன்னர் கேட்டிருந்தார். இறந்து 205 ஆண்டுகள் கழித்து அந்த விருப்பம் நிறைவேறியது. கைசர் இரண்டாம் வில்ஹெல்மோ, ஜெர்மனியில் முடியாட்சி திரும்பினாலன்றித் தம் உடல் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு 1941 ஜூன் 4 அன்று இறந்தார். அவருடைய பேழை நெதர்லாந்தின் டோர்ன் ஊரில், மாளிகைத் தோட்டத்து நினைவு மண்டபத்தில் இன்றும் இருக்கிறது.